கொளஞ்சியப்பருக்குப் போட்ட பிராது

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கண் அசந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு போன். 1990இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். வகுப்பில் ஓயாமல் பேசுகிற பிள்ளை, அன்றைக்கு வார்த்தை வராமல் திணறினான்.

"டீச்சர், எங்க தெருவுல சூளைக்காரர் பையன் ஒருத்தனுக்குக் கை விழுந்துபோச்சே, நீங்கதானே புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க? அவனுக்கு என்ன வியாதின்னு சொன்னாங்க?"

அவன் மகளுக்கு 19 வயது. காலேஜில் இரண்டாம் வருஷம். நாலு மாதமாகத் தலைவலி. முதலில் கண்ணாடி மாற்றினார்கள். அப்புறம் சைனஸ் என்றார்கள். அப்புறம் பரீட்சை டென்ஷன். போன மாதம் ஹாஸ்டலிலிருந்து தோழிகள் போன் செய்து, "அங்கிள், அவ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கறா" என்று சொன்ன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்களில் அழற்சி இருக்கலாம், வாஸ்குலைட்டிஸ் என்று சந்தேகப்படுகிறோம், மண்டையில் சின்னதாகத் திறந்து துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா (எனக்கு நன்றாகத் தெரிந்தவர்) "கொமரிப் பொண்ணு மண்டையைத் தொறக்கவாடா பெத்த?" என்று அழுகிறாராம்.

"சாயங்காலம் நானே கூப்பிடறேன்பா" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் பேசினேன், ஆனால் போனில் கோர்வையாக வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தவள், அவ்வளவுதான். ஆனால் இந்த வியாதியை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதில் என் தப்பும் ஒன்று உண்டு.

2008ஆம் வருஷம். பையனுக்கு 10 வயது. அப்பா நம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை. வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன்: நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற களிமண்ணை வைத்துத்தான் இந்த ஊரில் பீங்கான் தொழில் வந்தது. அகல் விளக்கு, கொலு பொம்மை, கரண்டுக் கம்பத்துக்குப் பீங்கான் என்று எத்தனையோ குடும்பம் அதில் சாப்பிட்டது.

அந்தப் பையன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஜூலை மாதம் அது கெட ஆரம்பித்தது. எழுத்து கோட்டை விட்டுக் கீழே சரிந்தது. பென்சில் கை நழுவி விழும். எடுத்து எழுதுவான், பத்து நிமிஷத்தில் பழையபடி சரியாகிவிடும். மறுநாள் ஒன்றும் இருக்காது. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் சரியும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "பையன் திமிர் புடிச்சு ஆடறான்." 100 முறை இம்போசிஷன் கொடுத்தேன். அவன் 60 எழுதிக்கொண்டு வந்தான். கடைசிப் பத்து வரி கோழி கிளறின மாதிரி இருந்தது. அதற்கும் திட்டினேன்.

பத்து நிமிஷம் கை வலுவிழந்து திரும்பச் சரியாவது, மூளைக்குப் போகிற ரத்தம் விட்டு விட்டுத் தடைபடுகிறது என்பதற்கான எச்சரிக்கை என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அடுத்த வாரம் காலை பிரேயரில் அவன் சரிந்து விழுந்தான். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை துணி மாதிரி தொங்கியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு இடத்தில் ஃபிட்ஸ் என்றார்கள். இன்னொரு இடத்தில் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, "ஸ்கேன் நார்மல், பையன் பயந்திருக்கான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து வயதுப் பையனுக்குப் பக்கவாதம் வரும் என்று யாருக்குத் தோன்றும்? ரத்தம் தடைபட்ட முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. "நார்மல்" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று நாளை வீணாக்கினோம்.

அந்த மூன்று நாளில்தான் ஆயா பிராது கட்டினார். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் வழக்கம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதி, சாமி முன்னால் வைத்து, திருநீறு போட்டு மடித்து முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. நான் பையனைப் பார்க்கப் போயிருந்தபோது, "டீச்சரு, ஒங்க கையால எழுதிக் குடுங்க" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கோர்ட்டில் வக்கீல் சொல்கிற மாதிரி தேதிவாரியாகச் சொன்னார்.

"கொளஞ்சியப்பா, பங்குனி மாசம் மாரியாத்தா வந்து என் பேரன் ஒடம்புல எறங்குனா. வேப்பெல போட்டு, வெளித்தெரு ஆளு யாரையும் வீட்டுக்குள்ள வுடாம காவ காத்தோம். மூணு தண்ணி ஊத்தி நல்லபடியா அனுப்பி வெச்சோம். ஒரு கொறையும் வெக்கல. இப்ப ஆடி பொறந்து நாலு நாள் ஆவல, புள்ள கை வெளங்காமப் போச்சு. என்னா கொத்தம் பண்ணோம்னு நீதான் கேட்டுச் சொல்லணும்."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான் எழுதியது என்ன என்று எனக்கே அப்போது உறைக்கவில்லை.

அன்று ராத்திரியே பையனுக்குப் பேச்சு நின்றது. சொல்வது புரிகிறது, பதில் சொல்ல வாய் வரவில்லை. வாடகை கார் பிடித்து நெய்வேலி, வடலூர் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடது பக்கம் மூளையின் ஆழத்தில் ஒரு இடம் ரத்தம் இல்லாமல் செத்திருந்தது. இடது மூளை வலது கையையும் பேச்சையும் பார்த்துக்கொள்கிறது என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கலாம், நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. அதோடு ரத்தக்குழாயை மட்டும் காட்டுகிற ஆஞ்சியோ படமும் எடுத்தார்கள். பெரிய குழாய் ஒன்று, மூளைக்குள் கிளை பிரிகிற இடத்தில் நூல் மாதிரி ஒடுங்கியிருந்தது.

ஒரு டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழ். சின்ன வயசு. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பையன் அப்பாவுக்குக் காட்டினார். "குழாய் இவிடே சுருங்கியிருக்கு. அது தெரியுது. ஏன் சுருங்கியிருக்குன்னு படம் சொல்லாது."

சூளைக்காரர் சட்டென்று தலையாட்டினார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நம்ம சாமான்லயும் அப்படித்தான் டீச்சர். வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். அது மண்ணு கோளாறா, மேல பூசுன மருந்து சரியில்லையா, சூளைய சூடு ஆறறதுக்கு முன்னாடி தொறந்துட்டானான்னு வெடிப்பப் பாத்து மட்டும் சொல்ல முடியாது. சூளையில நின்னவன கேக்கணும்."

டாக்டரம்மாவும் கேட்கத்தான் கேட்டார். இதயத்தில் கோளாறா என்று எக்கோ பார்த்தார்கள். ரத்தம் உறைகிற தன்மை பார்த்தார்கள். காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சுப் படம், கையில் ஊசி. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். பையனின் அம்மாவிடம் கேட்டார்கள், "ஒரு வருஷத்துல புள்ளைக்கு ஜுரம், நோய் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலீங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"ஒரு தடவகூட போனதில்லீங்க."

"சிக்கன் பாக்ஸ்?"

"ஆடி மாசங்க. வீட்டுல கவிச்சி சேக்கறதில்ல."

இதை அந்தப் பெண் வார்டிலிருந்து வெளியே வந்து, மரத்தடியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள், அதனால் நான் வெளியே இருந்தேன். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடிவயிற்றில் என்னவோ செய்தது. சிக்கன் பாக்ஸ் என்றால் அம்மை. பங்குனி மாசம் மாரியாத்தா வந்து எறங்குனா. என் கையாலேயே எழுதினேனே! அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் மார்ச் மாதம் அவன் பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் போட்டதும் நான்தானே!

அவர்கள் பொய் சொல்லவில்லை. அம்மை அவர்களுக்கு நோய் இல்லை. வந்தது ஆத்தா. ஆத்தா வந்ததற்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? அதை நோய்க் கணக்கில் சொன்னால் அவளுக்குக் கோபம் வராதா? கொளஞ்சியப்பரிடம் ஒளிக்காமல் சொன்னார்கள், ஏனென்றால் அவர் கேட்டது குறையை. டாக்டர் கேட்டது நோயை.

வாசலில் செக்யூரிட்டியிடம் சண்டை போட்டு உள்ளே போனேன். டாக்டரம்மா நான் சொல்லி முடிக்கும் முன்பே பையனைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தார். தோள்பட்டைக்குக் கீழே இரண்டு பள்ளத் தழும்பு. "எத்தர மாசம் ஆச்சு?" என்று விரல் விட்டு எண்ணினார். நாலு.

அம்மைக் கிருமி, கொப்புளம் காய்ந்தவுடன் உடம்பை விட்டுப் போய்விடுவதில்லையாம். நரம்பின் முடிச்சுகளில் ஒளிந்துகொள்கிறது. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு, சில மாதங்கள் கழித்து, முகத்துக்கு வருகிற நரம்பு வழியாகவே ஊர்ந்து போய் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியை உண்டாக்குகிறது. அதனால்தான் பிள்ளைக்குப் பக்கவாதம் வந்தால் கடந்த 12 மாதத்தில் அம்மை வந்ததா என்று கேட்கிறார்கள். பயப்படாதீர்கள், அம்மை வந்த பிள்ளைகளில் சுமார் 15,000 பேரில் ஒருவருக்கு என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். முதுகிலிருந்து எடுத்து வைத்திருந்த நீரில், அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். இருந்தது. கிருமிக்கு நரம்பு ஊசி, அழற்சிக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. ஆறு மாதம் கழித்துத் திரும்ப ஆஞ்சியோ எடுத்து, குழாய் மேலும் ஒடுங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அவர்கள் முகம் தெளிந்தது. ஒடுக்கம் கூடிக்கொண்டே போனால் அது வேறு ஜாதி வியாதி, வேறு வைத்தியம் என்றார்கள்.

(அம்மைத் தடுப்பூசியை ஜப்பானில் தகஹாஷி என்ற டாக்டர் 1974லேயே கண்டுபிடித்துவிட்டார். அவர் மகனுக்கு அம்மை கண்டு பட்ட பாட்டைப் பார்த்துத் தொடங்கிய ஆராய்ச்சி அது. நம் அரசாங்க இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. பேரப் பிள்ளைகள் உள்ளவர்கள் குழந்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இப்போது சென்னைப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அவன் கேட்டது மூன்று கேள்வி.

முதல் கேள்வி, "ஆஞ்சியோல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே டீச்சர், அப்புறம் எதுக்கு மண்டையைத் தொறக்கறது?" ஆஞ்சியோ பெரிய குழாயையும் நடுத்தரக் குழாயையும்தான் காட்டும். மயிரிழைக் குழாய்களில் அழற்சி இருந்தால் படம் சுத்தமாகவே இருக்கும். குழந்தைகளுக்கு வருகிற இந்த வியாதியைப் பல வருஷம் கவனித்த கனடா டொராண்டோ குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்கள், ஆஞ்சியோவில் தெரிகிற பெரிய குழாய் வகை, தெரியாத சிறிய குழாய் வகை என்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். சிறிய குழாய் வகையில் தலைவலி, மறதி, நடத்தை மாற்றம், வலிப்பு என்று மெதுவாக வரும். கை கால் விழுந்தால் உடனே ஓடுகிறோம். மறதி வந்தால் "செல்போன் பார்த்துப் பார்த்து" என்கிறோம். அந்த வகையை உறுதி செய்யச் சதைதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, "எடுத்தாத் தெரிஞ்சிடுமா?" பெரும்பாலும் தெரியும், எப்போதும் இல்லை. அழற்சி திட்டுத் திட்டாக இருக்கும், எடுத்த துளியில் இல்லாமல் போகலாம். இதை டாக்டர் மறைக்காமல் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னார் என்றான். அப்படியானால் அந்த டாக்டரை நம்பு என்றேன்.

மூன்றாவதுதான் முக்கியம். "சந்தேகத்துலயே மருந்து குடுத்துப் பாக்கக் கூடாதா?" அமெரிக்காவில் காலப்ரீஸ், மாலெக் என்ற இரண்டு டாக்டர்கள் 1988இல் இதற்கு மூன்று நிபந்தனை எழுதினார்கள். வேறு காரணம் சொல்ல முடியாத மூளைக் கோளாறு இருக்க வேண்டும், ஆஞ்சியோவிலோ சதையிலோ அழற்சி தெரிய வேண்டும், இதே மாதிரி வேஷம் போடுகிற வேறு வியாதி எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனையில்தான் நம் ஊரில் மாட்டிக்கொள்கிறோம். நம் நாட்டில் காசநோய் மூளைக்குப் போனால் அதுவும் ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும், அதுவும் இளம் வயதில் பக்கவாதம் கொண்டுவரும். லூபஸ் என்று ஒன்று, இளம் பெண்களுக்கு வருவது, அதுவும் மூளையைத் தொடும். மூளைக் குழாயில் மட்டும் தானாக வந்த அழற்சி என்றால் ஸ்டீராய்டோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்குகிற கடுமையான மருந்து கொடுப்பார்கள். உள்ளே இருப்பது காசநோய் என்று தெரியாமல் அதைக் கொடுத்தால் வீட்டுக் காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்த மாதிரி.

இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், எங்கப்பாவுக்கு டி.பி. இருந்துச்சு" என்றான்.

அவளுக்கு ஆறு வயதாகும்போது. தாத்தா மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாளாம். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, அப்புறம் வேறு காரணத்தில் காலமானார். முடிந்துபோன விஷயம். "ஃபேமிலியில டி.பி. இருந்ததான்னு கேட்டாங்க டீச்சர், இல்லைன்னு சொல்லிட்டேன். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணுமே, இதெல்லாம் ஃபைல்ல ஏறிடுமேன்னு அம்மா சொன்னாங்க." ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டில் இருந்தே காசநோய்க்கு மருந்து சாப்பிடலாம் என்று ஆராய்ச்சி செய்து உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான். அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. ஆனால் வீட்டுக்குள்ளேயே வந்து வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகிற வியாதியை மறைப்பதும் சுலபமாகிவிட்டது.

அவனை நான் திட்டவில்லை. 1990இல் என்றால் திட்டியிருப்பேன். "ஒரு வெள்ளைத்தாள் எடு, பொறந்ததுலேர்ந்து அவளுக்கு என்ன என்ன வந்துச்சோ, வீட்டுல யாருக்கு என்ன இருந்துச்சோ, அம்மை, மஞ்சக்காமாலை, டி.பி., நாட்டு மருந்து, மந்திரிச்சது உட்பட எல்லாம் தேதிவாரியா எழுதி டாக்டர்கிட்ட குடு. சாமிக்குப் பிராது எழுதற மாதிரி எழுது" என்றேன். அவன் அம்மாவிடமும் பேசினேன். அவர் ரொம்ப நேரம் அழுதார். ராத்திரி எட்டு மணிக்குத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். கையெழுத்து அப்போதும் மோசம், இப்போதும் மோசம். இரண்டு பக்கம்.

புதன்கிழமை பயாப்ஸி முடிந்தது. தலையில் கட்டோடு உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாள், போட்டோ வந்தது. சதையை நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு பக்கம், காசநோய்க் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது ஒரு பக்கம். கிருமியை வளர்த்துப் பார்க்கச் சில வாரம் ஆகும். இரண்டுக்கும் இடையில் என்ன மருந்து கொடுப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்து கொண்டிருக்கிறார்கள். காத்திருக்கிறோம்.

அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். "பேர் போடாதீங்க டீச்சர், பொண்ணு பாத்துட்டிருக்காங்க" என்றான். ஜங்ஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பேச்சு முழுசாக வந்துவிட்டது, என்னைவிட அதிகம் பேசுகிறான். வலது கையால் பேப்பர் வைப்பான், எடுப்பான். சட்டைப் பொத்தான் போடவும் எழுதவும் இடது கைதான். போன மாதம் என் பென்ஷன் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றான். "40 இம்போசிஷன் பாக்கி இருக்கு டீச்சர், அதுல கழிச்சிக்குங்க."

ஆயா இப்போது இல்லை. பையன் பேச ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும், ஒருநாள் ஸ்கூலுக்கே வந்தார். வேண்டுதல் நிறைவேறினால் கொளஞ்சியப்பரிடம் போட்ட பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

"கை முக்காவாசிதான் வந்துருக்கு. வாபஸ் வாங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் வெச்சிப் பாக்கலாமா டீச்சரு?"

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "நீங்களே சொல்லுங்க ஆயா" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, வாங்கிப்புடுவோம். அவருக்கும் ஆயிரம் பிராது இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வாபஸ் மனு எழுத என்னிடமே பேனாவைக் கொடுத்தார்.